மூன்றாவது காரணம்

ஆகஸ்ட் 5

சென்னையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அனுமதி இல்லை.

என் மனைவி உலகம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் முடித்து பஸ்ஸில் திரும்பி வந்த களைப்பு. எழுப்பவில்லை. பேச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன அத்தான், வந்துட்டா? எப்பம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுதாவ?” என்று கேட்டாள். இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

பேச்சியம்மாள் என் தம்பி சுப்பையாவின் மனைவி. உலகம்மாளுக்கு ஓரகத்தி. தம்பி போய் வெகுகாலம் ஆயிற்று. எங்கள் பின்வீட்டில் இருந்துகொண்டு பீடி சுற்றுகிறாள். உலகம்மாளின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது, தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றவள் இவள்தான். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது. பேச்சியுடையது எல்லாச் சோதனையிலும் பொருந்தியது. ஆனால் சட்டத்துக்குக் கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தார், இவர்கள்தான் நெருங்கிய உறவு. ஓரகத்தி அந்நியம். அவள் பாசத்தால் தருகிறாள், விலைக்கு அல்ல என்று ஒரு குழு நம்பினால்தான் அறுவை சிகிச்சை நடக்கும். ஜூனில் விசாரித்தார்கள். நம்பவில்லை.

மகன் நாயகத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாதத் தொடக்கம். ஃபேக்டரியில் வேலை கூடுதலாக இருக்கும்.

ஆகஸ்ட் 7

ஆடித்தபசு. சங்கரன்கோவில் முழுக்க ஜனம். நாளைக் காலைக்குள் பஸ்கள் ஊருக்குள் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் டயாலிசிஸுக்கு ஆட்டோவில் புறவழிச்சாலை வரை போய் ஏற வேண்டும். ஆட்டோக்காரர் முருகையாவிடம் சொல்லி வைத்தேன். “அம்மனுக்கு ஒத்தக்கால்ல நிக்கிற தவசு, மதினிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற தவசு” என்றார். உலகம்மாள் சிரித்தாள். அவள் சிரித்துச் சில நாள் ஆகிறது.

மத்தியானம் அவளிடம் உத்தரவை வாசித்துக் காட்டினேன். மறுப்புக்குக் காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, இருவரும் நெருக்கமாக வாழ்ந்ததைக் காட்டும் பழைய புகைப்படங்கள் இல்லை. இரண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் குடும்பத்துக்கும் பீடி சுற்றும் விதவைக்கும் வசதியில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏன் தருகிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண் உரிய விளக்கம் தரவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை அவளுக்கு வாசிக்கவில்லை.

புகைப்படத்துக்காக ஜூன் விசாரணைக்கு முன்பே வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். நாயகத்தின் கல்யாண ஆல்பத்தில் அத்தனை சொந்தமும் இருக்கிறது, பேச்சி இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது எடுத்த படங்களிலும் இல்லை. எப்படி இருப்பாள்? தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போட்டோக்காரன் வெளிச்சம் போட்டதுமே அவளாக விலகிப் பந்திக்குப் போய்விடுவாள். அங்கே சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு அவளும் உலகம்மாளுமாகத்தான் நிற்பார்கள். பந்தியை யார் படம் எடுக்கிறார்கள்?

ஆகஸ்ட் 13

மதுரை போய் வந்தேன். ஐகோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் ஜெசிந்தாவின் அலுவலகம். நாற்பத்தைந்து வயது இருக்கும். உத்தரவை வாசித்துக்கொண்டே கடலைமிட்டாயைக் கடித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

“சார், முதல்ல ஒண்ணை மனசுல போட்டுக்கங்க. ஐகோர்ட்டு உங்க வீட்டம்மாவுக்குக் கிட்னி குடுக்காது.”

“தெரியும்மா.”

“குழு எடுத்த முடிவு சரியா தப்பான்னும் பாக்காது. ஜட்ஜே அந்த நாற்காலியில உக்காந்திருந்தா வேற முடிவு எடுத்திருப்பாருன்னு வைங்க. அப்பவும் கை வைக்க மாட்டாரு. புத்தியுள்ள எவனும் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாதுன்னு நாம காட்டணும். நியாயத்தன்மைம்பாங்க. அம்புட்டுதான் நம்ம கேஸு.”

எனக்கு உடனே விடைத்தாள் திருத்தும் முகாம் ஞாபகம் வந்தது. நான் வரலாறு நடத்தியவன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு ஆசிரியர் மூன்று போடுவார், இன்னொருவர் நான்கு போடுவார். முதன்மைத் தேர்வாளர் இரண்டையும் தொட மாட்டார். நல்ல விடைக்குச் சுழியம் போட்டால் கூப்பிட்டுக் கேட்பார். பையன் கையெழுத்து பிடிக்கவில்லை என்று மார்க்கைக் குறைத்தாலும் கேட்பார். அதைச் சொன்னேன்.

“பேசாம நீங்களே கவுனை மாட்டிக்கங்க” என்று சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்தார். “போட்டோ இல்லைங்கிறாய்ங்க. அந்தம்மா ஏன் போட்டோல நிக்கலைன்னு இவங்க கேக்கவே இல்லை. இது சுழியம் போட்ட கேஸு. வசதி வித்தியாசம்… எந்தக் குடும்பத்துல இல்லை? அண்ணன் கார்ல போவான், தம்பி காரைத் துடைப்பான். இதையும் உடைச்சிரலாம்.”

மூன்றாவதற்கு வந்ததும் பென்சில் நின்றது. சத்தமாக வாசித்தார். நோயாளிக்கு ஒரே மகன் இருக்கிறார், ஆரோக்கியமானவர், தானம் தர முன்வந்தவர் என்று நோயாளியே விசாரணையில் கூறியுள்ளார், அப்படியிருக்க அவரைச் சோதிக்காமல் வெளியாளிடம் பெறும் அவசியம் விளக்கப்படவில்லை.

“உங்க மகன் தர்றேன்னாரா சார்?”

“அவ அப்படிச் சொன்னா.”

“நான் கேட்டது அது இல்லை.”

“அவனுக்கு ஓசூர்ல வேலை. ஷிப்ட்டு மாறி மாறி வரும். ரெண்டு சின்னப் பிள்ளைக…”

“சார்.”

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் எழுந்து போய்க் கொண்டுவந்தார். “சரி, மனுவைப் போடுவோம். இதை அப்புறம் பேசுவோம்” என்றார்.

நாயகம் நல்ல பிள்ளை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15

பேச்சிக்கு வழக்கைப் புரிய வைத்தேன். “சோறு குழைஞ்சுட்டு, உப்புக் கூடிட்டுன்னா மாமியா ஏசலாம். ஆனா கோர்ட்டுக்குப் போக முடியாது. சோத்துக்குப் பதிலா மணலை அள்ளி இலையில வச்சா கோர்ட்டுக்குப் போகலாம். நம்ம இலையில மணல் விழுந்திருக்குன்னு காட்டணும்.”

“நம்ம அத்தைக்கு உப்பும் மணலும் ஒண்ணுதான அத்தான்” என்றாள். கட்டிலில் இருந்து உலகம்மாள், “ஏளா, செத்தவளை ஏசாத. பாவம்” என்றாள். “நீதான உப்பைக் கூட்டிப் போட்டுட்டு எம்மேல சொன்னவ?” என்று பேச்சி திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் மறைந்த என் தாயாரை அரைமணி நேரம் பிரித்து மேய்ந்தார்கள். நான் கேட்காத மாதிரி பேப்பர் படித்தேன்.

இந்தப் பேச்சைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்ப முடியுமா?

ஆகஸ்ட் 19

டயாலிசிஸ் நடுவில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நர்ஸ் கால்மாட்டைத் தூக்கி வைத்தாள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 22

கோர்ட்டில் மனுவை ஏற்று எண் கொடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா போனில் மறுபடி மூன்றாவதைக் கேட்டார். ஜூன் விசாரணையில் நடந்ததை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

நீள மேசை. எதிரில் ஐந்து பேர். ஓரத்தில் வீடியோ கேமரா. முதலில் பேச்சியைக் கேட்டார்கள். “ஏன் தர்றீங்க?” அவள், “அக்கா கேக்கலை. அதான் தாரேன்” என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உலகம்மாளிடம் திரும்பி, “உங்களுக்கு மகன் இருக்காரே, அவர் ஏன் தரலை?” என்றார்கள்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அவன் தாரேன்னுதான் ஒத்தக்கால்ல நின்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். வாழ வேண்டிய பிள்ளை” என்றாள். சொன்ன விதத்தில் எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றவள் அவையில் வேறு எப்படிச் சொல்வாள்? நாயகம் பொங்கலுக்கு வந்தபோது பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் அன்றைக்கே கிளம்பிவிட்டான். மாசியில் வருகிறேன் என்றான். சித்திரையில் வருகிறேன் என்றான். வராமல் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆகஸ்ட் 29

நாயகம் போன் எடுக்கவில்லை. மாதக் கடைசி. வேலை அதிகமாக இருக்கும்.

செப்டம்பர் 5

இன்று ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் நான்கு பேர் பேனாவும் ஆப்பிளும் கொண்டுவந்து தந்தார்கள். உலகம்மாள் ஆப்பிளைத் தொடக் கூடாது, பொட்டாசியம். தண்ணீரும் அளந்துதான். அவர்கள் போன பிறகு டம்ளரில் இருந்த தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு வைத்தாள். “வாசனை இருக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

செப்டம்பர் 16

விசாரணை முடிந்தது.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா நன்றாகப் பேசினார். புகைப்படத்தைப் பற்றி அவர் சொன்னபோது நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “விதவையைப் படத்துல நிக்க விடாத ஊர்ல, படம் எங்கேன்னு அவங்ககிட்டயே கேக்கிறதா?” என்று அரசு வக்கீலைக் கேட்டார். பின்னால் யாரோ ‘உச்’ கொட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அரசு வக்கீல் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. முதல் இரண்டு காரணங்களையும் விட்டுக்கொடுக்கவே தயார் என்றார். மூன்றாவதை மட்டும் வாசித்தார். விசாரணையின் எழுத்துப் பிரதியிலிருந்து உலகம்மாளின் வாக்கியத்தையும் வாசித்தார். அவள் பேச்சு அந்த மண்டபத்தில் அவர் வாயில் கேட்டது. தர முன்வந்த மகன் இருக்கும்போது, ஏழை விதவை ஒருத்தியின் உடம்பில் கத்தி வைக்கலாமா என்று குழு தயங்கியது. அந்தத் தயக்கம் புத்திக்கு ஒவ்வாததா என்று கேட்டார்.

நீதிபதி ஜெசிந்தாவைப் பார்த்தார். “அவங்க முன்னால இருந்த ஆதாரம் இதுதானேம்மா? இதை வச்சுக்கிட்டு வேற யாரும் இப்படி முடிவு பண்ணியிருக்க மாட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?”

மனு முடிக்கப்பட்டது. புதிய ஆதாரத்தோடு நாங்கள் குழுவிடம் திரும்பப் போகலாம். இந்தத் தடவை புகைப்படத்தை ஒரு காரணமாகச் சொல்லக் கூடாது. நான்கு வாரத்துக்குள் மறுபடி விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெசிந்தா சொன்னார்: “கதவைச் சாத்தலை சார். உங்க மகன் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தாப் போதும். ‘எனக்கு விருப்பமில்லை’ன்னு. அது வந்திருச்சுன்னா மூணாவது காரணம் செத்துரும்.”

செப்டம்பர் 17

அந்த உத்தரவைச் சுழியம் போட்ட விடைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் அதையே புரட்டிப் பார்த்தேன். அவர்களிடம் கொடுக்கப்பட்ட விடைத்தாளில் இருந்ததற்கு மூன்று போட்டிருக்கிறார்கள். நான் திருத்தியிருந்தாலும் மூன்றுதான் போட்டிருப்பேன். பேச்சியைக் காப்பாற்றத்தான் மறுத்திருக்கிறார்கள். அதில் கோபப்பட இடமில்லை.

கோபப்பட இடமில்லாமல் ஒருத்தி சாகப் போகிறாள்.

செப்டம்பர் 21

ஓசூர் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

சொல்லாமல் போனேன். மருமகள் ரம்யா கதவைத் திறந்து, “வாங்க மாமா” என்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். தோசை ஊற்றிப் போட்டாள். “இன்னொண்ணு வச்சுக்கோங்க மாமா” என்று தட்டைப் பார்த்தே பேசினாள். பேத்திகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினார்கள். நாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு, “கீழ போய்ப் பேசுவோம்ப்பா” என்றான்.

குடியிருப்புக்கு எதிரே டீக்கடை. ‘விருப்பமில்லை’ என்று ஜெசிந்தா எழுதித் தந்திருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன். வாசித்தான். இரண்டாவது வரியிலேயே காது சிவந்துவிட்டது.

“நான் தரமாட்டேன்னு எப்பப்பா சொன்னேன்?”

“நீ சொல்லலைய்யா.”

“பின்ன? சொல்லாததை எழுதிக் குடுன்னா எப்படி?”

“அப்பம் தாரியா?”

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடை படிந்துவிட்டது. விரலால் அதை எடுத்து ஓரத்தில் போட்டான்.

“கொஞ்சம் டைம் குடுங்கப்பா.”

“டைம் எங்கிட்ட இல்லைய்யா. உங்க அம்மைகிட்டதான் கேக்கணும்.”

“ஏம்ப்பா இப்படிப் பேசுதிய?” அவன் குரல் உடைந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். “நாளைக்கு எம்பிள்ளைக இந்தப் பேப்பரைப் பாத்தா? உங்க அப்பன் பெத்த தாய்க்குத் தரலைன்னு கோர்ட்டுலயே இருக்குன்னு நாலு பேரு சொன்னா? நான் இல்லைன்னும் சொல்லலை, ஆமான்னும் சொல்லலை. என்னைய ஏன் போட்டு நெருக்குதிய?”

தாளை மடித்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது வரிசையிலேயே மயங்கி விழுந்தவன் இவன்.

பஸ் ஏற்றிவிட்டான். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தான். கண்டக்டரிடம், “பெரியவரு, சர்க்கரை இருக்கு, சாப்பாட்டுக்கு நிறுத்தினா எழுப்பி விடுங்கண்ணே” என்றான். பஸ் திரும்பும் வரை நின்றான்.

பரீட்சைக்கு வராத பையனுக்கு நாங்கள் சுழியம் போட மாட்டோம். ‘வரவில்லை’ என்று எழுதுவோம். சுழியம் வேறு, வரவில்லை வேறு என்று பெற்றோருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ரிசல்ட்டில் இரண்டும் பெயில்தான் என்று அவர்கள் சொல்வார்கள்.

செப்டம்பர் 23

அவன் எழுதித் தராவிட்டால் நான் சத்தியம் செய்து எழுதித் தரலாம் என்று ஜெசிந்தா சொல்கிறார். உலகம்மாளிடம் மெல்லச் சொன்னேன்.

“என்னன்னு எழுதுவிய?”

“நடந்ததை.”

“எம்பிள்ளை மறுத்தான்னா?” எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “கவருமெண்டு பேப்பர்ல? காலத்துக்கும் அழியாமக் கெடக்குமே அது. நான் இன்னும் எத்தனை நாளைக்கு? அவன் இருக்க வேண்டியவன்.”

“ஏளா, நீயும் இருக்கத்தான இந்தப் பாடு?”

“நீங்க மட்டும் அப்படி எழுதுங்க, நான் அந்த மிசினுல போயிப் படுக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

பேச்சி வாசலில் நின்றபடி, “அக்கா, மடத்தனமாப் பேசாத” என்றாள். “உனக்குப் பிள்ளை இருந்தாத் தெரியும்” என்றாள் உலகம்மாள்.

பேச்சி பீடித் தட்டை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

செப்டம்பர் 26

டயாலிசிஸுக்கு வர மறுத்துவிட்டாள். முருகையா ஆட்டோவை வாசலில் நிறுத்திக் காத்திருந்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27

காலையில் மூச்சு வாங்கியது. உதடு நீலம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆட்டோவில் பேச்சிதான் அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம், “மூச்சு விடுளா, விடுளா” என்று ஏசிக்கொண்டே வந்தாள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். சாயங்காலம் கண் விழித்தாள். இப்போது பேச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். “அடுத்த தடவை கொண்டாந்து சேர்க்க முடியும்னு நினைக்காதீங்க சார்” என்றார்.

செப்டம்பர் 29

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். உலகம்மாளிடம் சொல்லவில்லை.

‘என் மகன் கோமதிநாயகத்திடம் பலமுறை கேட்டும் அவர் தானம் தர முன்வரவில்லை. என் மனைவி விசாரணையில் கூறியது, தாய் என்ற முறையில் மகனின் பெயரைக் காக்கக் கூறியது.’

ஜெசிந்தா எழுதியதுதான். ‘முன்வரவில்லை’ போதாது, ‘மறுத்துவிட்டார்’ என்று இருக்க வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்னால் அவரே அடித்துத் திருத்தினார். நான் சரி என்றேன். ‘கோமதிநாயகம்’ எங்கள் அம்மன் கோவில் பேர். தொட்டிலில் போட்டு அவன் காதில் மூன்று முறை சொன்னவன் நான்.

அக்டோபர் 9

சென்னை.

ரயிலில் அவளுக்குக் கீழ்ப் படுக்கை. கழுத்துக் குழாயில் ஈரம் படாமல் பேச்சி துணி சுற்றிக் கட்டியிருந்தாள். காலையிலிருந்தே உடம்பு லேசாகச் சுட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் இன்றைக்கு விசாரணை நின்றுவிடும் என்றாள் உலகம்மாள். நான் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கோர்ட்டு திரும்பக் கேட்கச் சொல்லியிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அதே மேசை. அதே கேமரா. நடுவில் இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். பேச்சியிடம், “போன தடவை ‘அக்கா கேக்கலை, அதான் தாரேன்’னு சொன்னீங்களாம். எனக்குப் புரியலம்மா. கொஞ்சம் சொல்லுங்க” என்றார். அப்படிக் கேட்க ஆளில்லாமல்தானே இவ்வளவு நாள் போயிற்று.

“எம்புருசன் செத்தன்னைக்கு, சோறு திங்கியான்னு இவ என்கிட்டக் கேக்கலை, டாக்டரம்மா” என்றாள் பேச்சி. “ஊருல எல்லாரும் கேட்டாவ. வேண்டாம்னேன். இவ கேக்காமத் தட்டைக் கொண்டாந்து வச்சா. தின்னேன். கேட்டுக் குடுக்கிறது வேற, இது வேற. அதான் சொன்னேன்.”

“உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்ததே இல்லையா?”

“போன மாசங்கூட வந்துச்சு. நாலு நாளு பேசலை. பெறகு இவளுக்கு மூச்சு முட்டிட்டு. பேசாம என்ன செய்ய?”

டாக்டர் குனிந்து எதையோ எழுதினார். சிரித்தார் போலிருந்தது. பிறகு என் பிரமாணப் பத்திரத்தை எடுத்து உலகம்மாள் பக்கமாகத் திருப்பினார்.

“அம்மா, உங்க மகன் தர மறுத்துட்டாருன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்கார். அது உண்மையா?”

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. நான் மேசையின் விளிம்பைப் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் பொய் சொன்னால் முடிந்தது. அவளுக்கும் அது தெரியும்.

“பயந்துட்டான்” என்றாள்.

“யாரு, உங்க மகனா?”

“ஆமா. சின்னதிலயே ஊசின்னா பயம்.” கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டாள். “பயந்தான்னு எழுதிக்கிடுங்க, டாக்டர். மறுத்தான்னு எழுதாதிய.”

ஓரத்தில் இருந்த அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணுதானேம்மா? கணக்குக்கு ஒண்ணுதான்.”

“உங்களுக்கு” என்றாள் உலகம்மாள்.

அக்டோபர் 10

திரும்பி வரும் ரயிலில் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பேச்சியிடம் கேட்டாள். மாத்திரையை நான் நீட்டியபோது பேச்சி வாங்கிக் கொடுத்தாள்.

காய்ச்சல் கூடியிருக்கிறது. ஊர் வந்து சேராமல் நேரே மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கழுத்துக் குழாயில் கிருமி.

அக்டோபர் 14

நாயகம் போன் செய்தான். அவனாகச் செய்தது. “அம்மா எப்படி இருக்கா?” என்றான். சொன்னேன். தீபாவளிக்கு வருகிறேன் என்றான். பேப்பரைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு கேட்டது. பிறகு, “வைக்கட்டுமாப்பா?” என்றான்.

அக்டோபர் 17

அனுமதி வந்துவிட்டது. ஜெசிந்தா போனில் அனுப்பிவிட்டு அழைத்தார். “சார், நியாயமா எழுதியிருக்காங்க, பாருங்க” என்றார். பேச்சி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ‘எப்பம்’ என்று கேட்டாள். காய்ச்சல் இறங்கி, ரத்தத்தில் கிருமி இல்லை என்று சோதனையில் வந்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். இறங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். “மருந்து மாத்தியிருக்கோம்” என்றார்.

உள்ளே போய் உலகம்மாளிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

“வாசிங்க.”

ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். தானம் தருபவர் நோயாளியின் ஓரகத்தி. இருவருக்கும் இடையே நீண்டகால உண்மையான பாசம் இருப்பது நேரில் தெளிவாயிற்று. அடுத்த பத்தி. ‘நோயாளியின் மகன் வே. கோமதிநாயகம் தானம் தர மறுத்துவிட்ட நிலையில்’ என்று தொடங்குகிறது. கணக்குக்கு ஒன்றுதான் என்று எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

“நோயாளியின் மகன் பயந்துவிட்ட நிலையில்” என்று வாசித்தேன்.

“பேரு போட்டிருக்கா?”

“இல்லை. மகன்னுதான் இருக்கு.”

பேச்சி கால்மாட்டில் நின்று பாதத்தைத் தேய்த்துவிட்டாள்.

“அந்த இடத்தை இன்னொரு தடவ வாசிங்க” என்றாள்.

வாசித்தேன். தட்டுத் தடங்கல் இல்லாமல், முன்பு வாசித்த மாதிரியே வாசித்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நெற்றியில் கை வைத்தேன். இன்னும் சுடுகிறது.